கச்சான் காற்றுக்கு ஒரு மருந்து, மழைக்காலத்துக்கு வேறொன்று: தலைமுடியும் தலைத்தோலும்

வைகாசி பிறந்தால் மட்டக்களப்பில் காற்று மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கும். காய்ந்த காட்டையும் அறுத்து முடித்த வயலையும் தடவிக்கொண்டு வரும் கச்சான் காற்றில், வாவியைத் தாண்டி எழுவான்கரைக்கு வந்த பிறகும் ஈரம் பெரிதாக இருக்காது. உதடு வெடிக்கும். கொடியில் போட்ட துணி அரைமணித்தியாலத்தில் மொரமொரக்கும். முடி சீப்பில் சிக்கி நடுவில் முறியும். “கச்சான் கிளம்பிட்டு, தலைக்கு எண்ணெய் வை புள்ள” என்று அம்மம்மாமார் சத்தம் போடுவது இந்த நாட்களில்தான். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். முழுகினால் தலை காயாது, பொடுகு கிளம்பும், இரவில் நகம் தானாகத் தலைக்குப் போகும். அப்போதும் அதே அம்மம்மா அதே எண்ணெய்ப் போத்தலைத்தான் எடுக்கிறார்.

முதலாவதில் அவர் செய்வது சரி. இரண்டாவதில் பெரும்பாலும் பிழை. காரணம், எண்ணெய் வைக்கிற இடத்தில் இரண்டு வெவ்வேறு பொருட்கள் இருக்கின்றன. தோலுக்கு வெளியே நிற்கும் முடி உயிரற்றது. கெரட்டின் என்ற புரதத்தால் ஆன அந்த இழையில் இரத்தமும் இல்லை, நரம்பும் இல்லை. அதன் அடியில் இருக்கும் தலைத்தோலோ உயிருள்ள உறுப்பு. வியர்க்கும், நெய் சுரக்கும், அழற்சி கொள்ளும், தன்மேல் நுண்ணுயிர்களையும் வளர்க்கும். ஒன்றுக்கு நல்லது மற்றதற்கு நல்லதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டு வைத்தியக் குறிப்பு எதைக் கேட்டாலும், இது முடிக்கா தோலுக்கா என்று ஒரு கேள்வியைப் போட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முடிக்கு “ஊட்டம்” ஏற்ற முடியாது என்பதும் இதிலிருந்தே தெரியும். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்ரிமீற்றர் வளரும். இடுப்பைத் தொடும் கூந்தலின் நுனி அப்படியென்றால் ஆறு வருடப் பழசு. ஆறு கச்சான் காலம் கண்டது. அதைப் புதுப்பிக்க எந்த இலையாலும் இயலாது. அதன் மேற்பரப்பைப் படிய வைக்கலாம், உராய்வைக் குறைக்கலாம், தண்ணீர் ஏறி இறங்கி அது ஊதிச் சுருங்குவதைக் கட்டுப்படுத்தலாம். கடைக் கண்டிஷனர் செய்வதும் இதற்கு மேல் எதுவுமில்லை.

கிணற்று நீரும் தேசிக்காயும்

கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் திட்டில் வாழ்கிறவர்கள் தண்ணீரை மறந்துவிட்டு முடியைப் பற்றிப் பேச முடியாது. இங்கே கிணறுகள் ஆழமில்லாதவை. மழைநீர் மணலில் இறங்கி, கீழே இருக்கும் உவர்நீரின் மேல் நிற்கிறது. அந்த நல்ல தண்ணீரைத்தான் அள்ளுகிறோம். கோடையில் அது மெலிந்துவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமி கல்லடியிலிருந்து ஒலுவில் வரை கரையோரக் கிணறுகளை உப்பாக்கியதும், மழை கழுவிக் கழுவித்தான் அவை மெல்லத் தெளிந்ததும் இங்கே பலருக்கு நினைவிருக்கும். உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வரத் தொடங்கிய பிறகும், குளிப்பதற்குக் கிணற்றடியை விடாத வீடுகள் ஏராளம்.

கல்சியம், மக்னீசியம் கூடிய நீரைக் கடினநீர் என்கிறோம். அதில் சவர்க்காரம் போட்டால் நுரைக்குப் பதில் வெள்ளைத் திரிதிரியாக ஒரு படிவு வரும். வாளியின் உட்புறத்தில் ஒட்டுகிற அதே படிவு முடியிலும் ஒட்டும்; முழுகி வந்தும் முடி பிசுபிசுப்பாக, மங்கலாக இருப்பதற்கு இது ஒரு காரணம். அதோடு சவர்க்காரம் காரத்தன்மை கொண்டது. முடியின் மேலுறை, கிடுகு வேய்ந்த கூரைபோல, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மெல்லிய செதில்களால் ஆனது. காரம் பட்டால் அந்தச் செதில்கள் விரிந்து நிமிரும். அடுத்த முடியோடு உரசும், சிக்கும். மெல்லிய அமிலம் பட்டால் திரும்பப் படியும்.

சீயாக்காயோடு தேசிக்காயை அவித்து அரப்பு வைத்தவர்களுக்கு இந்த இரசாயனம் தெரியாது. ஆனால் செய்தது மிகச் சரி. தேசிக்காயின் சிற்றிக் அமிலம் கல்சியத்தைப் பிடித்து நீரோடு கழுவிவிடுகிறது, செதிலையும் படிய வைக்கிறது. சீயாக்காயில் இருக்கும் சப்போனின் அளவான நுரையோடு அழுக்கை எடுக்கிறது. சவர்க்காரம் போலக் கடினநீரில் திரிவதில்லை. கூடவே வெந்தயம் போட்டால் வழவழப்பு, பயற்றம் மா சேர்த்தால் எண்ணெய் இழுக்கும். ஒரே சட்டியில் ஷாம்பூவும் கண்டிஷனரும். கண்ணில் பட்டால் எரியும் என்பது மட்டும்தான் அதன் குறை, அது சிறிய குறையும் அல்ல. பிள்ளைகள் முழுக்கு என்றாலே ஓடி ஒளிந்ததற்குப் பாதிப் பழி சீயாக்காய்க்குத்தான்.

இன்றைய ஷாம்பூக்கள் பெரும்பாலும் சவர்க்காரம் அல்ல. அவை கடினநீரில் அப்படித் திரியாது. ஆகவே ஷாம்பூ போடுகிறவருக்குத் தேசிக்காய் கட்டாயமில்லை. கிணற்று நீரால் முடி கரகரப்பதாகத் தோன்றினால், அரைத் தேசிக்காயை ஒரு லீற்றர் தண்ணீரில் பிழிந்து, வடித்து, கடைசியாக முடியின் மேல் ஊற்றி, பிறகு வெறும் நீரால் அலசினால் போதும். தென்னை வினாகிரி என்றால் ஒரு மேசைக்கரண்டி. சாற்றை அப்படியே தலையில் தேய்ப்பது வேறு விடயம். தேசிச்சாறு தோலுக்குப் பொறுக்காத அளவு புளிப்பு. சொறிந்த காயத்தில் பட்டால் உயிர் போகும். அதிலும், சாறு பட்ட தோலோடு வெயிலில் நின்றால் கொப்புளமும் அதன்பின் மாதக்கணக்கில் மாறாத கருந்தழும்பும் வரலாம். தேசித்தோலிலும் சாற்றிலும் உள்ள ஒரு வகைப் பொருள் சூரிய ஒளியோடு சேர்ந்து தோலைப் பொசுக்குவதே இதற்குக் காரணம். நெற்றியில் வழிந்த சாற்றைக் கழுவாமல் முற்றத்தில் தலை உலர்த்துவது நம் ஊர் வெயிலில் விளையாட்டல்ல.

தேங்காயெண்ணெய்க்கு ஏன் இந்த மரியாதை

எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. 2003 இல் இந்திய ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் மூன்றையும் முடியில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கழுவும்போது முடி இழக்கும் புரதத்தைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான். அதன் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம். நீளம் குறைந்த, கிளையில்லாத அந்த மூலக்கூறு முடிக்குள் நுழையக்கூடியது. மற்றவை மேலே நின்றுவிடுகின்றன. உள்ளே எண்ணெய் இருந்தால் முழுகும்போது தண்ணீர் குறைவாகவே ஏறும், முடி ஊதி வெடிப்பதும் குறையும்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று கிடைக்கிறது: தேங்காயெண்ணெயின் பெரிய பலன் முழுகுவதற்கு முன் வைப்பதில். ஒன்றிரண்டு மணித்தியாலம் முன்பு, நடு நீளத்திலிருந்து நுனிவரை, கையில் ஒரு மேசைக்கரண்டி. முழுகிவிட்டு வழிய வழிய வைத்துப் பின்னிக்கொண்டு போவது வழக்கமாக இருக்கலாம், ஆனால் வீதிப் புழுதியைப் பிடிப்பதைத் தவிர அது அதிகம் செய்வதில்லை. பாசிக்குடாவிலோ அறுகம்பேயிலோ கடலில் இறங்குகிறவர்களும் இறங்குவதற்கு முன் இப்படி வைத்துக்கொள்ளலாம். உப்புநீர் முடிக்குள் ஏறுவதை அது குறைக்கும்.

நல்லெண்ணெய் உடம்புக்குத் தேய்க்க, தலையைப் பிடித்துவிட அருமையானது. அந்தச் சுகத்தை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. முடிக்குள் நுழைவதில் மட்டும் அது தேங்காயெண்ணெய்க்குப் பின்னால்தான். ஆமணக்கெண்ணெய் மிகவும் தடிப்பு. நீளமான கூந்தலில் அதைத் தனியாகப் பூசி உச்சியில் குவித்துக் கழுவினால், சீப்பே போகாதபடி முடி சடையாக இறுகிவிட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வேண்டுமானால் தேங்காயெண்ணெயில் சில துளி கலக்கலாம்.

தேங்காயின் முதற்பாலில் தேசிச்சாறு சில துளி விட்டால் அது திரண்டு கிறீம் போல வரும். முடிக்கு நல்ல பூச்சு. கொழுப்பும் உண்டு, அமிலமும் உண்டு. 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது இதைத் தலையில் ஊற்ற எந்த வீட்டுக்கு மனம் வந்திருக்கும் என்பது வேறு கேள்வி. சொதிக்குப் பிழிந்த சக்கையில் இன்னொரு தரம் கொஞ்சம் நீர் விட்டுப் பிழிந்தாலும் முடிக்குப் போதுமான கொழுப்பு கிடைக்கும்.

வழவழப்பு தரும் இலைகள்

வேலியோரச் செவ்வரத்தையும் சமையலறை வெந்தயமும் செய்கிற வேலை ஒன்றுதான். இரண்டிலும் நீரில் ஊறினால் பசையாக வரும் சர்க்கரைத் தொடர்கள் இருக்கின்றன. முடிமேல் மெல்லிய படலமாகப் படர்ந்து, இழைகளை வழுக்க வைத்து, சீப்பை ஓட விடுகின்றன. வெந்தயத்தில் உள்ளது கலக்டோமனன். கொத்தவரை விதைப் பசையும் இதே வகை. அதில் மின்னூட்டம் ஏற்றிய வடிவத்தைத்தான் பல ஷாம்பூ, கண்டிஷனர் போத்தல்களில் சேர்க்கிறார்கள். முடியின் மேற்பரப்பு எதிர் மின்னூட்டம் கொண்டது, நேர் மின்னூட்டம் ஏற்றிய பசை அதில் ஒட்டிக்கொள்ளும். வீட்டு வெந்தயத்துக்கு அந்த மின்னூட்டம் இல்லாததால் பாதி அலசலோடு போய்விடுகிறது. ஒரு முறை போட்டுவிட்டுக் கடைப் போத்தலின் மினுமினுப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றம் வருவது இதனால்தான். மாறாக, அது முடியில் சேர்ந்து சேர்ந்து பாரமாவதும் இல்லை.

செய்கிற விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். செவ்வரத்தம் இலையில் இளசாகப் பத்துப் பதினைந்து பறித்து, நீரில் கையாலேயே கசக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தடிப்பாகி விரலில் நூலாக இழுக்கும். அதை மெல்லிய துணியில் வடித்து எடுக்க வேண்டும். கிரைண்டரில் அடித்து அப்படியே பூசினால் பச்சைத் துணிக்கை எல்லாம் முடியில் சிக்கி, இரண்டு நாளைக்குச் சீப்பில் வந்துகொண்டே இருக்கும். வெந்தயத்தையும் இரவு ஊறவைத்து, காலையில் அரைத்து, வடித்துத்தான் பூச வேண்டும். வடிக்காத வெந்தயத்தின் மணம் தலையணைவரை வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அம்பாறைப் பக்கம் வயல் வீடுகளில் அரிசி கழுவின தண்ணீருக்குப் பஞ்சமில்லை. அதில் இருக்கும் மாப்பொருள் முடிக்கு ஒரு மெல்லிய பூச்சு. மெலிந்த முடி சற்றுத் தடித்துத் தெரியும். புளிக்க வைத்தால் கொஞ்சம் அமிலமும் கிடைக்கும். ஒருநாள் வைத்தால் போதும், அதற்கு மேல் நம் வெக்கையில் அது நாறிவிடும். நாளாந்தம் ஊற்றினால் மா படிந்து முடி விறைத்துப் போகும். கிழமைக்கு ஒருமுறை சரி.

தயிரும் முட்டையும் “புரதம்” என்ற பெயரில் தலையில் ஏறுகின்றன. பால் புரதமும் முட்டை வெண்கருவும் முடிக்குள் நுழைய முடியாத பெரிய மூலக்கூறுகள். தயிரில் முடிக்கு உதவுவது அதன் கொழுப்பும் லக்ரிக் அமிலமும். எருமைப் பாலில் பசுப் பாலை விடக் கொழுப்பு மிகக் கூட, ஆகவே சட்டித் தயிர் இந்த வேலைக்கு மேலானதுதான். ஆனாலும் அந்தத் தயிருக்குப் பாணி ஊற்றிச் சாப்பிடுவதைவிட நல்ல கதி எனக்குத் தெரியவில்லை. முட்டையில் மஞ்சள் கருவின் லெசிதின் மட்டும் முடியை மென்மையாக்கும். சுடுநீரில் கழுவினால் முட்டை தலையிலேயே அவிந்துவிடும், பச்சைத் தண்ணீர்தான்.

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று வீடுகளில் பெருநாளுக்குக் கையில் இடும் மருதோன்றி, முடிக்கும் நல்ல பூச்சு. அதன் நிறப்பொருள் லோசோன் கெரட்டினோடு பிணைந்து நிற்பதால் மற்ற இலைகளைப் போல அலசலோடு போவதில்லை, மாதக்கணக்கில் இருக்கும். அசல் மருதோன்றி தருவது செம்பழுப்பு. “கறுப்பு மருதோன்றி” என்று பொதியில் விற்பதில் பெரும்பாலும் பிபிடி என்ற சாயம் கலந்திருக்கும். ஒவ்வாமை உள்ளவருக்குத் தலை, முகம், கண் எல்லாம் வீங்க வைக்கும் சாயம் அது. ஒருமுறை ஒத்துக்கொண்டது அடுத்த முறையும் ஒத்துக்கொள்ளும் என்ற உத்தரவாதமும் இல்லை.

இனித் தோலுக்கு வருவோம்

பொடுகை வறட்சி என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. மலசீசியா என்ற நொதியப் பூஞ்சை வளர்ந்த எல்லோருடைய தலையிலும் வாழ்கிறது. அதற்கு உணவு கொழுப்பு. தலைத்தோலில் சுரக்கும் நெய்யை உடைத்து, தனக்கு வேண்டிய பகுதியை எடுத்துக்கொண்டு, ஒலெயிக் அமிலம் போன்றவற்றை விட்டுவிடும். அந்த மிச்சம் சிலருடைய தோலை எரிச்சலூட்டும். தோல் அவசர அவசரமாகக் கலங்களைத் தள்ளும், அதுதான் செதில். இந்தத் தலையில் எண்ணெய் ஊற்றுவது பூஞ்சைக்குப் பந்தி வைப்பதுதான். ஒலிவ் எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டிலும் ஒலெயிக் அமிலம் நிறைய உண்டு என்பதையும் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் எண்ணெய் வைத்தவுடன் பொடுகு போய்விடுகிறதே என்பார்கள். போகவில்லை. உலர்ந்த வெள்ளைச் செதில் எண்ணெயில் நனைந்து கண்ணுக்குத் தெரியாமல் தோலோடு ஒட்டிக் கிடக்கிறது. சட்டையின் தோளில் உதிராததால் சுகமென்று தோன்றும், இரண்டு நாளில் மஞ்சளும் பிசுபிசுப்புமாகத் திரும்பி வரும். தலைமுறை தலைமுறையாக இந்த நம்பிக்கை நிலைத்ததற்குக் காரணம் இந்தக் கண்கட்டுதான் என்பது என் எண்ணம். கச்சான் காலத்தில் தோலே உண்மையில் வறண்டு, எண்ணெய்ப் பசையில்லாத பொடிச் செதில் வருவது வேறு; அதற்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி மறுநாள் கழுவுவதில் பிழையில்லை.

அரிக்கும் தோலைச் சாந்தப்படுத்த வீட்டில் உள்ளவற்றில் என் தெரிவு கற்றாழை. பூஞ்சைப் பொடுகின் கடும் வடிவமான செபோறிக் தோலழற்சிக்குக் கற்றாழைப் பூச்சு உதவியதாக 1999 இல் வெளியான சிறிய, ஆனால் முறையாக நடத்திய ஒரு பரிசோதனை உண்டு. மடலை வெட்டியதும் மஞ்சளாக ஒரு சாறு வடியும். அது தோலை எரிக்கும். மடலைச் சரித்து வைத்து அது முழுக்க வடிந்த பிறகு, உள்ளே இருக்கும் கண்ணாடிச் சதையை மட்டும் எடுத்து, இரண்டு மூன்று தரம் கழுவிவிட்டுத் தடவ வேண்டும். அரைமணித்தியாலம் விட்டு அலசலாம். வேப்பிலை அவித்த நீரை ஆறவிட்டுக் கடைசி அலசலாக ஊற்றுவது நீண்டகாலப் பழக்கம், தோலில் அது தீங்கில்லாதது. வேப்பெண்ணெய் குழந்தைகளின் வாய்க்குள் போகக் கூடாது, நச்சாகும்.

இவற்றால் இரண்டு கிழமைக்குள் அடங்காத பொடுகுக்குப் பாமசியில் கிடைக்கும் கீற்றோகொனசோல் 2 வீத ஷாம்பூதான் வழி. கிழமைக்கு இரண்டு தரம், போட்டு மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் வைத்திருந்து கழுவ வேண்டும். போட்ட கையோடு கழுவுகிறவர்கள்தான் “அதுவும் சரிவரவில்லை” என்கிறார்கள். எண்ணெய் வைக்காமல் இருக்க முடியாதவர்கள் முடியின் நீளத்தில் வைத்துக்கொண்டு தோலை விட்டுவிடலாம்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு வேறொரு தொல்லை. காலை ஐந்தரைக்கு முழுகி, ஈரத்தோடு இரட்டைப் பின்னலை இறுக்கி மடித்து ரிபன் கட்டினால் பிற்பகல்வரை உள்ளே காயாது. ஈரத் தலையில் கொண்டை போட்டு முக்காடு இடுவதும் அப்படித்தான். ஈரமும் வெக்கையும் பூஞ்சைக்குத் தோதானவை. இறுக்கம் முன்நெற்றி முடியை வருடக்கணக்கில் இழுத்து வேரையே பலவீனப்படுத்தும். முதல் நாள் மாலை முழுகிக் காயவைத்துவிட்டுக் காலையில் தளர்வாகப் பின்னுவது, எந்த இலையை அரைப்பதையும் விடப் பலன் தரும்.

கைவைக்கக் கூடாதவை

பேனுக்குத் தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்துப் பூசுவது நம் பகுதியில் இன்றும் உண்டு. கற்பூரம் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். சிறு குழந்தைகளில் அது வலிப்பை உண்டாக்கும். சிறிதளவு விழுங்கினாலே ஆபத்து. மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்குவதோடு, விளக்கோ அடுப்போ கிட்ட இருந்தால் தலை முழுவதும் தீப்பற்றும். பேனுக்குச் சிறந்தது பொறுமையும் பேன் சீப்பும்: முடியை நனைத்து, வெந்தயச் சாறோ கண்டிஷனரோ பூசி வழுக்க வைத்து, பகுதி பகுதியாகப் பிரித்து வேரிலிருந்து இழுத்து, இப்படி மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை இரண்டு கிழமைக்குக் குறையாமல். ஈர் பொரித்துக்கொண்டே இருப்பதால் ஒரு நாளோடு நிறுத்தினால் பயனில்லை.

அப்பச்சோடா தலையைச் “சுத்தமாக்கும்” என்ற குறிப்பு அடிக்கடி கையடக்கத் தொலைபேசியில் வருகிறது. அது காரம். செதில்களை விரித்து முடியைக் கெடுக்கும், தோலையும் உலர்த்தும்.

சின்ன வெங்காயச் சாற்றின் புகழ் 2002 இல் ஈராக்கில் நடந்த ஒரு சிறிய ஆய்வோடு பரவியது. அது புழுவெட்டுக்குச் செய்த ஆய்வு. வட்டமாக முடி கொட்டும் அந்த நோய் பலருக்குத் தானாகவும் மாறும். பொதுவாக முடி உதிர்வதற்கு வெங்காயம் உதவும் என்று அந்த ஆய்வு காட்டவில்லை. உதிர்வுக்குப் பெரும்பாலும் காரணம் தலைக்கு வெளியே இருக்கும். டெங்குக் காய்ச்சல் வந்து போய் இரண்டு மூன்று மாதத்தில் கைநிறைய முடி கொட்டும். பிள்ளை பெற்ற பிறகும் அப்படியே. இரண்டுமே ஆறு மாதமளவில் தானாக அடங்கும். அந்த நேரம் பூசிக்கொண்டிருந்த எண்ணெய்க்குப் பேர் கிடைத்துவிடும். அடங்காவிட்டால் இரும்புச் சத்தையும் தைரொயிட்டையும் இரத்தத்தில் பார்ப்பதுதான் முறை.

பிள்ளையின் தலையில் வட்டமாக முடி முறிந்து, குட்டைக் குச்சி குச்சியாக நின்று, தோலில் பொருக்குக் கட்டினால் வீட்டில் எதையும் பூச வேண்டாம். அது தலைப்படை என்ற பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். முடியின் உள்ளேயே பூஞ்சை இருப்பதால் பூச்சு மருந்து எட்டாது. கிழமைக்கணக்கில் வாயால் எடுக்கும் மருந்து வேண்டும். பிந்தினால் சீழ்க் கட்டியாகி, முடி திரும்ப முளைக்காத தழும்பு விழும். அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் நோய்ப் பிரிவில் இதற்குக் காசு கட்டத் தேவையில்லை. மருந்து முடியும்வரை அந்தப் பிள்ளையின் சீப்பு, துவாய், தொப்பி, முக்காடு, தலையணை உறை எல்லாவற்றையும் தனியே வைத்து, சுடுநீரில் துவைக்க வேண்டும். வீட்டுப் பூனை, நாய்க்குட்டியில் முடி கொட்டிய வட்டம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சில வேளை தொற்று அங்கிருந்துதான் வந்திருக்கும்.